ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு எரியாத பேஸ்ட், வலிக்காத பிரஷ்: விவாத இழை

ஜனவரி 6, கேள்வி

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நாள்பட்ட வலியும் சோர்வும் தருகிற நோய்) என்று போன வருடம் சொன்னார்கள். இப்போது பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. பேஸ்ட் வாயில் பட்டதும் நாக்கு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தாடை வலி, கை வேறு ஓய்ந்துபோகிறது. ஃப்ளோரைடு நரம்பைக் கெடுக்கும், நீ மூலிகை பேஸ்டுக்கோ பல்பொடிக்கோ மாறிவிடு என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மென்மையான பேஸ்ட் எது? உபயோகித்தவர்கள் யாராவது பெயர் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

எனக்கும் இதே நோய்தான், பல வருடமாக. பெயர் அப்புறம். முதலில் ஒன்று: ஃப்ளோரைடை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள்.

நமக்கு எழுதித் தருகிற மாத்திரைகளைப் பாருங்கள். ராத்திரி அமிட்ரிப்டிலின், இல்லாவிட்டால் டுலாக்செட்டின், பிரிகாபலின். மூன்றுமே வாயை உலர்த்தக் கூடியவை, அமிட்ரிப்டிலின் கூடுதலாகவே உலர்த்தும். சாப்பிட்டபின் பல்லிடுக்கில் சேர்கிற அமிலத்தின் வீரியத்தைக் குறைப்பதும், பல்லின் மேற்பரப்பிலிருந்து கரைந்துபோன கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் எச்சில்தான். எச்சில் குறைந்த வாயில் சொத்தை வேகமாக விழும், அதுவும் ஈறு ஓரத்தில், சாதாரணமாகச் சொத்தை வராத இடங்களில் விழும். அப்படிப்பட்ட வாய்க்கு மிஞ்சியிருக்கிற ஒரே துணையையும் "மென்மை" என்ற பெயரில் எடுத்துவிட்டால் இரண்டே வருடத்தில் பல் மருத்துவர் நாற்காலியில் மணிக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். நம் உடம்புக்கு அதைவிடக் கொடுமை எது?

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நுரைக்காகப் போடுகிற சோடியம் லாரில் சல்ஃபேட் (எஸ்.எல்.எஸ்.), காரமான புதினா அல்லது லவங்க வாசனை, பல்லை வெள்ளையாக்குவதற்கென்று சேர்க்கிற உராய்வுப் பொருள். இந்த மூன்றில் ஒன்றை முதலில் சந்தேகப்படுங்கள். கை வலிக்கிறது, நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

ஃப்ளோரைடு பயத்தைப் பற்றி. நான் அதைக் கேலி செய்யவே மாட்டேன். எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். என் அம்மாவுக்கு முன்பல் எல்லாம் பழுப்புக் கறை. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார், இன்றும் அப்படித்தான். எல்லாம் ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் செய்த வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் திட்டம் போட்டார்களே, அதன் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது) பாதிப்பைத் தணிப்பது என்று உண்டு. 2013-இல் தொடங்கி வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் வலி ஆரம்பித்த புதிதில், முதலில் பார்த்த மருத்துவர் எலும்பில் ஃப்ளோரோசிஸ் இருக்குமோ என்றுதான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நியாயமான சந்தேகம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி டூத் பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிராம் பேஸ்டில் 1 மி.கி. பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம், அதில் கால் மி.கி. அதையும் பெரும்பகுதி துப்பிவிடுகிறோம். குடிநீரிலோ லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேலான தண்ணீரைத்தான் எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் குடத்தில் பிடித்து நாளெல்லாம் குடித்தார்கள், அதிலேயே சமைத்தார்கள். பல்லில் கறை விழுவதும் பல் உருவாகிற வயதில் விழுங்கியதால், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். வளர்ந்த நமக்கு, துப்புகிற பேஸ்டால் அம்மாவுக்கு வந்த கறை வராது.

இன்னமும் போர்வெல் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் பேஸ்டை விட்டுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். கவலைப்பட வேண்டியது அங்கே.

ஜனவரி 7, மதியம்

எஸ்.எல்.எஸ். எங்கே எழுதியிருக்கும் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில், சேர்மானங்கள் பட்டியலில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பெயர் இருந்தால், அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடலாம். எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருடமாக அதிலேதான் தேய்க்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அதை விட்டபிறகு உள்உதட்டில் புண் வருவது வெகுவாகக் குறைந்தது.

அது இல்லாத பேஸ்டில் நுரை குறைவாக வரும். முதல் சில நாள் தேய்த்த மாதிரியே இருக்காது. நுரை சுத்தம் செய்வதில்லை, பிரஷ்தான் செய்கிறது, அதனால் பேஸ்டைக் கூட்டி வைக்க வேண்டாம்.

பெயர் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். மறைப்பதற்காகச் சொல்லாமல் இல்லை. ஒரே கம்பெனி பெயரில் புதினா ஒன்று, லவங்கம் ஒன்று, வெள்ளையாக்குவது ஒன்று, கூச்சத்துக்கு ஒன்று என்று கடையில் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றிலும் சேர்மானம் வேறு. நான் பெயர் சொல்லி நீங்கள் பக்கத்துப் பெட்டியை எடுத்து வந்தால் வாய்தான் எரியும். பெட்டியைப் படிக்கிற பழக்கம் வந்தால் எந்தக் கடையிலும் சமாளிக்கலாம்.

ஜனவரி 9

வாசனை விஷயம். புதினாவில் இருக்கிற மெந்தால் வாயில் குளிர்ச்சியை உணர்கிற நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. நிஜத்தில் வாய் குளிர்வதில்லை, நரம்பு அப்படிச் சொல்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவில் நரம்பு மண்டலமே ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்த மாதிரி இருக்கிறது. மற்றவர்களுக்கு ஜில்லென்று இருப்பது நமக்கு எரிச்சலாக வந்து சேரும். லவங்கப்பட்டை வாசனையும் அப்படியே, அது சிலருக்கு வாயின் உள்தோலையே உரித்துவிடும். கிராம்பு எண்ணெய், கற்பூரம், திப்பிலி, மிளகு போட்ட மூலிகை பேஸ்டுகள் இயற்கையானவை என்பதால் மென்மையானவை ஆகிவிடாது. வலி கூடியிருந்த ஒரு காலத்தில் கிராம்பு பேஸ்ட் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்ததுதான் எனக்கு மிச்சம்.

குழந்தைகள் பேஸ்டைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளலாம், வாசனை மிதமாக இருக்கும். ஆனால் ஃப்ளோரைடு அளவைப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஃப்ளோரைடு சேர்த்திருந்தால் எத்தனை பிபிஎம் என்று டியூபிலும் பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி, அதனால் தேடினால் கிடைக்கும். நான் கொஞ்ச காலம் மகனுடைய ஸ்ட்ராபெரி பேஸ்டில் தேய்த்தேன். யாரோ என் பேஸ்டைத் திருடுகிறார்கள் என்று அவன் வீடு முழுக்க விசாரணை நடத்தினான்.

ஜனவரி 10

பல்பொடி, உமிக்கரி, வேப்பங்குச்சி மூன்றையும் சேர்த்துக் கேட்டவருக்கு.

எங்கள் பாட்டி உமிக்கரியும் உப்பும் வைத்துத்தான் தேய்த்தார், எண்பது வயதிலும் முறுக்கு கடித்தார், உண்மை. பாட்டிக்கு வாயை உலர்த்துகிற மாத்திரை கிடையாது, ராத்திரி எட்டு மணிக்குமேல் பிஸ்கட்டும் கிடையாது. கரியும் காவி கலந்த செம்பொடியும் பல்லை அரைக்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறவர்களுக்கு அந்த இடத்தில் எனாமலே இல்லை, பொடி பட்டால் சீக்கிரம் குழி விழும், அப்புறம் பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போகும். விரலால் தேய்க்கிற போது அழுத்தமும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. புகையிலை கலந்த பொடிகளும் சந்தையில் உண்டு, அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

வேப்பங்குச்சியில் எனக்குள்ள ஒரே ஆட்சேபம், அதைக் கடித்துக் கடித்துப் பஞ்சாக்க வேண்டும் என்பது. தாடை வலி உள்ளவருக்கு அது தண்டனை.

டியூபின் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கறுப்பு இருந்தால் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி வாங்காதீர்கள். டியூபை வெட்டி மடிக்கிற இயந்திரம் இடம் பார்ப்பதற்கான அடையாளம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

ஜனவரி 12

பேஸ்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை கை, கழுத்து, தோள். வாஷ்பேசின் முன்னால் குனிந்து நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் என்பது கெட்ட நாளில் முடியாத காரியம்.

நான் செய்வது: சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, கையை அசைக்காமல் தலையைக் கொஞ்சம் திருப்பித் தேய்ப்பது. துப்ப ஒரு கிண்ணம். மாமியார் முதலில் "இது என்ன பழக்கம்" என்றார், காரணம் சொன்னதும் கிண்ணத்தை அவரே எடுத்து வைக்க ஆரம்பித்தார். பிரஷ் தலை சின்னதாக, முடி மிக மென்மையாக இருக்க வேண்டும். தலை சின்னதாக இருந்தால் வாயை அகலமாகத் திறக்க வேண்டாம், தாடை தப்பிக்கும். கைப்பிடி மெலிதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, விரல் மூட்டு வலிக்கிறது. சைக்கிள் கடையில் கிடைக்கிற ரப்பர் கிரிப்பைப் பிரஷ்ஷில் மாட்டினேன். அது இல்லாவிட்டால் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாலும் போதும், ஆனால் துணியை அடிக்கடி மாற்றுங்கள், ஈரம் நிற்கும்.

சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர். மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீரை வாயில் விட்டுக்கொள்வது வீரம் இல்லை.

ராத்திரி தேய்ப்பதைத் தூங்கப் போகிற நேரம் வரை தள்ளாதீர்கள். எட்டு மணிக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும்போதே சாப்பாடு, மாத்திரை, பல் மூன்றையும் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். பத்து மணிக்கு என்றால் பாதி நாள் தேய்க்காமலே படுத்துவிடுவோம்.

ஜனவரி 12, சற்று பிறகு

விட்டுப்போனது: தேய்த்தபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்காதீர்கள். ஃப்ளோரைடு பல்லில் தங்க வேண்டும். எரிச்சல் இல்லாத பேஸ்ட் கிடைத்துவிட்டால் இது கஷ்டமாக இருக்காது, அதற்காகத்தான் இவ்வளவு தேடலும். புளிசாதம், எலுமிச்சை ஜூஸ் மாதிரி புளிப்பாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரம் விட்டுத் தேய்க்கவும்.

ஜனவரி 15

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. கரும்பு கடித்தீர்களா? நான் இந்த வருடம் கடிக்கவில்லை. கணுவை நீக்கித் தோல் சீவி, விரல் கனத்துக்குக் குச்சி குச்சியாக நறுக்கிக் கொடுத்தார் வீட்டுக்காரர், மென்று துப்பினேன், அப்புறம் தண்ணீர் குடித்தேன். இரண்டு துண்டு போதும் என்று இருந்தது. முழுக் கரும்பைக் கடைவாயில் வைத்து ஒடிக்கிற சந்தோஷம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று எழுத மனம் வரவில்லை.

ஜனவரி 16

கரும்பிலிருந்து ஞாபகம் வந்தது. வாய் உலர்கிறது என்று நம் வீடுகளில் முதலில் கொடுப்பது பனங்கற்கண்டு. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஊறவிடுவோம். தொண்டைக்கு இதம்தான், ஆனால் எச்சில் இல்லாத வாயில் சர்க்கரையை மணிக்கணக்கில் வைத்திருப்பதைப் போல் பல்லைக் கெடுப்பது வேறில்லை, பனைவெல்லமானாலும் சர்க்கரை சர்க்கரைதான். வலிக்கென்று சாப்பிடுகிற லேகியங்களும் அப்படித்தான், ராத்திரி பல் தேய்த்தபின் நெல்லிக்காய் அளவு லேகியத்தை நக்கிவிட்டுப் படுத்தால் தேய்த்தது வீண். இருமல் சிரப், ஹோமியோபதி உருண்டை, புளிப்பு மிட்டாய் எல்லாம் இதே கணக்கில் வரும். லேகியம் சாப்பிடுவதென்றால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பல் தேய்க்கலாம்.

மாற்று என்ன? பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், அடிக்கடி ஒரு வாய். மருந்துக்கடையில் செயற்கை உமிழ்நீர் ஸ்ப்ரேயாகவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது, ஜெல் ராத்திரிக்கு நல்லது. சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கம் எச்சிலை ஊறவைக்கும் என்று பல் மருத்துவர்கள் சொல்வார்கள். தாடை வலி உள்ள நமக்கு மெல்லுவது கூடாது, அதையே சப்புகிற மாத்திரையாக வாங்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிடால் நாய்க்கு விஷம்.

ஜனவரி 19

எலக்ட்ரிக் பிரஷ் வாங்கலாமா என்று இந்த வாரம் நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கை ஓய்ந்துபோகிறவர்களுக்கு நல்லது, கையை அசைக்கவே வேண்டாம், பல்லில் வைத்து நகர்த்தினால் போதும். அழுத்தினால் நின்றுவிடுகிற அல்லது விளக்கு எரிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, நம்மில் பலர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்ப்பவர்கள். எடை பார்த்து வாங்குங்கள், கனமான கைப்பிடி மணிக்கட்டைக் கொல்லும்.

ஜனவரி 21

எலக்ட்ரிக் பிரஷ் பற்றி மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேற்று எனக்கு வலி கூடிய நாள். அந்தப் பிரஷ்ஷை இயக்கியதும் அதிர்வு கடைவாயிலிருந்து காது, நெற்றிப்பொட்டு, பின்கழுத்து என்று ஏறியது. நல்ல நாளில் கைக்கு உதவுகிற அதே கருவி கெட்ட நாளில் தலைக்குப் பகை. அதனால் இரண்டும் வேண்டும்: எலக்ட்ரிக் ஒன்று, மிக மென்மையான சாதாரணப் பிரஷ் ஒன்று. வாங்குவதற்கு முன்னால், யாரிடமாவது ஓடுகிற பிரஷ் இருந்தால் அதன் கைப்பிடியைத் தாடை எலும்பின் மேல் வைத்துப் பாருங்கள். அதுவே தாங்கவில்லை என்றால் இரண்டாயிரம் மூவாயிரம் செலவழிக்க வேண்டாம்.

பல்லிடுக்குக்கு: நூலை இரண்டு விரலில் சுற்றி இழுப்பது எனக்கு முடிவதில்லை. கைப்பிடி வைத்த ஃப்ளாஸ் பிக், அல்லது இடுக்கில் நுழைகிற குட்டிப் பிரஷ். இந்தக் குட்டிப் பிரஷ்ஷை ஒரு கையாலேயே பிடித்துக்கொள்ளலாம், இடுக்குப் பெரிதாகிவிட்ட நாற்பது வயதுக்காரர்களுக்கு நூலைவிட இதுவே நன்றாகச் சுத்தம் செய்கிறது. தண்ணீர் பீய்ச்சுகிற கருவி இருக்கிறது, தொட்டி நிறைந்தால் கனம், வேகத்தைக் குறைத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் தாங்கலாம்.

ஜனவரி 25

இதைப் பெரிதாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: கீழ்க் கடைவாயில் வலி, பேஸ்ட் மாற்றியும் போகவில்லை, பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்கிறார்கள். அக்கா, தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள்.

எனக்கு இடதுபக்க மேல்பல்லில் இதே மாதிரி வலி வந்தது. ஒரு பல் மருத்துவர் ரூட் கெனால் செய்தார். வலி போகவில்லை, பக்கத்துப் பல்லுக்கு நகர்ந்தது. அதற்கும் செய்தார். அப்புறமும் வலி, பிடுங்கினார். பிடுங்கிய குழி ஆறியபிறகு அதே இடத்தில் அதே வலி, இல்லாத பல் வலித்தது. அந்தப் பல்லை நினைத்து இப்போதும் கோபம் வருகிறது.

பிறகு தருமபுரியைவிட்டு வெளியே வேறொரு மருத்துவரிடம் போனபோது, அவர் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் கன்னத்திலும் பொட்டிலும் விரலால் அழுத்தினார். பொட்டருகே ஒரு புள்ளியில் அழுத்தியதும் மேல்பல் வலித்தது! மெல்லுகிற தசை இறுகிப்போனால் அதன் வலி பல்லில் தெரியும். கன்னத்துத் தசை கடைவாய்ப் பற்களுக்கு அனுப்பும், பொட்டுத் தசை மேல்பற்களுக்கு அனுப்பும். ஃபைப்ரோமயால்ஜியாவைக் கண்டறிய அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வரையறையில் வலியைக் குறிக்க 19 இடங்கள் இருக்கின்றன, தாடையின் இரண்டு பக்கமும் அதில் உண்டு. தாடை நம் நோய்க்கு வெளியே இருக்கிற இடம் இல்லை.

பல்லில் நிஜமாகக் கோளாறு இருந்தால் பொதுவாகக் குளிர்ச்சி பட்டால், தட்டினால் அந்த ஒரு பல் மட்டும் பதில் சொல்லும், எக்ஸ்ரேயில் ஏதாவது தெரியும், அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டால் வலி அடங்கும். தசையிலிருந்து வருகிற வலி பல்லை மரக்க வைத்தாலும் போகாது. இவற்றைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முகம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், சீழ் இருந்தால் கதை வேறு, அன்றைக்கே போய்விடுங்கள்.

எந்தப் பேஸ்டும் தசை வலியைப் போக்காது. கூச்சத்துக்கான பேஸ்டில் இருக்கிற 5% பொட்டாசியம் நைட்ரேட் பல்லின் நரம்புக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் சில வாரம் விடாமல் தேய்த்தால்.

ஜனவரி 26

அக்கா பதில் எழுதியிருக்கிறார், பிடுங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாராம். நிம்மதி.

இன்னொன்று: டுலாக்செட்டின் ஆரம்பித்த பிறகு தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் சிலருக்கு வருகிறது. காலையில் எழும்போது தாடை இறுகி, பொட்டில் வலி இருந்தால், கூடப் படுப்பவரிடம் சத்தம் கேட்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் மாத்திரை எழுதிய மருத்துவரிடம் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. ராத்திரி போடுகிற பல்கவசத்தைப் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 2

வெளிநாட்டில் இருக்கிற தங்கை ஒருவர் கேட்டது வேறு மாதிரி. புதினாவில் சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகை வேதிப்பொருள்) இருக்கிறது, அது ஃபைப்ரோமயால்ஜியா மருந்தை முறித்துவிடும், அதனால் புதினா பேஸ்டே கூடாது என்று படித்தாராம்.

இது கலிஃபோர்னியாவில் செயின்ட் அமண்ட் என்ற மருத்துவர் சொன்ன சிகிச்சைமுறையிலிருந்து வருவது. குவைஃபெனெசின் என்று ஒரு மருந்து, இருமல் சிரப்பில் சளியைக் கரைக்கப் போடுவது. அதைச் சாப்பிட்டால் இந்த நோய் மெல்ல விலகும், சாலிசிலேட் எந்த வழியில் உடம்பில் சேர்ந்தாலும் அது தடுக்கும் என்பது அவர் வாதம். 1990-களில் ஆரெகனில் ராபர்ட் பென்னட் என்ற மருத்துவரின் குழு ஒரு வருடம் மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சோதனையில் சாலிசிலேட்டைச் சரியாக விலக்கவில்லை என்பது செயின்ட் அமண்ட் தரப்பின் பதில். என் கருத்து, தங்கைக்குப் புதினா எரிந்தால் விடலாம், எரியாவிட்டால் இந்த வாதத்துக்காக விட வேண்டியதில்லை. சாலிசிலேட் இல்லாதது என்று தேடித் தேடி ஃப்ளோரைடும் இல்லாத ஒன்றில் போய் நின்றுவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை. புதினா இல்லாமலே, வாசனையே இல்லாமல் ஃப்ளோரைடு பேஸ்ட் வெளிநாடுகளில் கிடைக்கிறது, அந்த வசதி தங்கைக்கு இருக்கிறது.

பிப்ரவரி 4

மவுத்வாஷ். ஆல்கஹால் கலந்தது வேண்டாம், எரியும், உலர்ந்த வாயை மேலும் உலர்த்தும். கிருமியைக் கொல்கிற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும், நீட்டித்தால் பல்லில் கறை, நாக்கில் ருசி போகும். அதையும் நுரைக்கிற பேஸ்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், பேஸ்டில் உள்ள எஸ்.எல்.எஸ். அதன் வேலையைக் கெடுக்கும். தினப்படிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போதும். நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா என்று கேட்டவருக்கு: கால் மணி நேரம் கன்னத்தைச் சுழற்றினால் தாடை என்ன ஆகும் என்று யோசியுங்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நிமிடம், மெதுவாக.

பிப்ரவரி 11

நாளை எனக்குப் பல் சுத்தம் செய்யப் போக வேண்டும். என்னென்ன சொல்லிவைப்பேன் என்று கேட்டீர்கள்.

உடம்பு ஒத்துழைக்கிற நேரம், எனக்குக் காலை பத்தரை. ஒரே நாளில் முழு வாயும் வேண்டாம், பாதி பாதியாக. கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவேன். வாயைத் திறந்து பிடிக்கத் தாடைக்கு இடையே வைக்கிற ரப்பர் கட்டை அவர்களிடம் இருக்கும், கேட்டால் வைப்பார்கள், தசை இளைப்பாறும். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைப்பேன். அதிர்கிற மெஷின் தாங்கவில்லை என்றால் கையால் சுரண்டுகிற கருவியால் செய்யச் சொல்வேன், நேரம் கூடும், பரவாயில்லை.

மாத்திரைச் சீட்டை மறக்கவே கூடாது. அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவருக்கு மரத்துப்போகிற ஊசியில் கலக்கிற அட்ரினலினின் அளவைப் பார்த்துப் போட வேண்டும். டுலாக்செட்டின் சாப்பிடுகிறவருக்கு டிராமடால் என்ற வலி மருந்தை எழுதினால் ஆபத்து வரலாம், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடுகிறது. இதை அவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13

போய் வந்தேன். வலதுபாதி முடிந்தது. வீடு திரும்பியதிலிருந்து நேற்று முழுக்கப் படுக்கைதான், இன்று கஞ்சி இறங்குகிறது. இடதுபாதி அடுத்த மாதம்.

பிப்ரவரி 20

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். எஸ்.எல்.எஸ். இல்லாத, மிதமான வாசனையுள்ள 1000 பிபிஎம் பேஸ்ட் ஒன்றுக்கு மாறினாராம், காலையில் எரிச்சல் பாதியாகிவிட்டது, சாயங்காலம் மட்டும் பேஸ்டே வைக்காத நேரத்திலும் நாக்கு எரிகிறதாம்.

பேஸ்ட் படாத நேரத்திலும் எரிகிறது என்றால் பேஸ்டைத் துரத்துவதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பி12, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், சர்க்கரை. நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள், உலர்ந்த வாயில் அது சுலபமாக வரும். கண்ணும் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா? அப்படியென்றால் எல்லாவற்றையும் மாத்திரையின் மேல் போட்டுவிடாமல் ஷோகிரென் நோய் இருக்கிறதா என்று வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள், அதிலும் உடம்பு வலிக்கும், வாயும் உலரும், அதற்கென்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் எரிந்தால் வாய் எரிச்சல் நோய் என்றே ஒன்று உண்டு, நம்மில் பலருக்கு இருக்கிறது, அதற்கு மருத்துவம் வேறு. முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.